கடற்கரை மாடமும் காற்றின் வழியும்

பழந்தமிழில் சாளரத்திற்குக் காலதர் என்றொரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வருதற்குரிய வழியே காலதர் ஆயிற்று. சுவரிலே துளையிட்ட நம் முன்னோர், அத்துளையின் முதற்பயன் யாதென்பதை அதன் பெயரிலேயே பொறித்து வைத்தனர். இந்நாளில் கடற்கரைப் பட்டினங்கள்தோறும் எழும் காரியாலய மாடங்களை நோக்குவோமாயின், உடல் முழுதும் கண்ணாடியாயிருந்தும் அவற்றுட் பலவற்றில் காலதர் ஒன்றேனும் இல்லாமையைக் காண்கிறோம். எதிரே கடல் விரிந்து கிடக்கிறது. மாலைதோறும் அதன் காற்று வந்து கண்ணாடியில் மோதித் திரும்புகிறது. உள்ளிருப்போரோ யந்திரம் குளிர்வித்த காற்றை விலை கொடுத்து உட்கொள்ளுகின்றனர். இஃது அறிவுடைமையாகுமோ என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

பொதுப்பட உரைப்பதினும் ஒரு மாடத்தை எடுத்துக்கொண்டு பேசுவது நன்று. ஆதலின், பாரசீகக் குடாவிலுள்ள பஹ்ரெயின் தீவின் தலைநகராகிய மனாமாவில் 2008ஆம் ஆண்டில் முற்றுப்பெற்ற உலக வர்த்தக மையத்தை நாம் தெரிந்துகொண்டோம். நம் நாட்டார் பலர் பிழைப்பின்பொருட்டுச் சென்று வாழும் ஊராதலின், அம்மாடத்தின் உருவம் நேயர் சிலருக்கேனும் புதிதன்று. உறவினர் அனுப்பிய படங்களில் அதனைக் கண்டிருப்பர். கண்டவர் மறவார், ஏனெனில், இரண்டு மாடங்களுக்கு நடுவே மூன்று பெருங் காற்றுச்சுழலிகள் ஒன்றன்மேலொன்றாய்த் தொங்கும் காட்சி எளிதில் மறக்கத்தக்கதன்று.

முதலில் அதன் அமைப்பைக் கூறுவோம். அங்காடிகளும் உணவுச்சாலைகளும் அமைந்த மூன்றடுக்கு மேடையொன்றின்மேல் இரட்டை மாடங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றும் 50 நிலைகளும் 240 மீட்டர் உயரமும் உடையது. அட்கின்ஸ் என்னும் நிறுவனத்தைச் சார்ந்த ஷான் கில்லா என்பவர் இதன் தலைமைச் சிற்பியாக விளங்கினார். குடாக்கடலில் முத்துக் குளிக்கச் சென்ற மரக்கலங்களின் பாய்களை நினைவூட்டுமாறு மாடங்களின் உரு அமைந்துள்ளது: அடி அகன்று, நுனி குறுகி, பக்கங்கள் வளைந்து, இரண்டு பாய்கள் காற்றை ஏற்று நிற்பதுபோல் கடலை நோக்கி அவை நிற்கின்றன. அவ்விரண்டையும் மூன்று பாலங்கள் இணைக்கின்றன. ஒவ்வொரு பாலத்தின் நடுவிலும் 29 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றுச்சுழலி பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு சுழலியின் முழு ஆற்றல் 225 கிலோவாட். மூன்றும் சேர்ந்து 675 கிலோவாட். 2008 ஏப்ரலில் அவை முதன்முறையாக ஒருங்கே சுழன்றன.

காற்றாலையைக் கட்டிடத்தோடு இணைத்தது புதுமை எனினும், காற்றை எண்ணிக் கட்டுவது அந்நாட்டிற்குப் புதிதன்று. அண்மையிலுள்ள முஹாரக் நகரில் ஷேக் ஈசா பின் அலியின் பழைய இல்லத்தை இன்றும் காணலாம். அதன் மேல் ஒரு காற்றுக்கோபுரம் நிற்கிறது. உயரத்தில் வீசும் காற்றைப் பிடித்துக் கீழறைக்கு இறக்கி, கோடை வெம்மையைத் தணிக்கும் உபாயம் அது. மின்சாரம் இல்லாத காலத்தில் மக்கள் காற்றோடு செய்துகொண்ட உடன்படிக்கையென அதனைக் கூறலாம். 1932ஆம் ஆண்டில் அத்தீவில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்ட பின்னர்ச் செல்வமும் யந்திரமும் பெருகின. பழைய உடன்படிக்கை கைவிடப்பட்டது. அதனைப் புதுப்பித்துக்கொள்ள ஒரு முயற்சியேனும் இம்மாடத்தில் நிகழ்ந்தது என்பதே நாம் இதனைப் பொருட்படுத்துதற்கு முதற் காரணம்.

இனி, அம்முயற்சியின் உட்பொருளை விளக்குவோம். நம் தென்கோடியிலுள்ள ஆரல்வாய்மொழிக் கணவாயை அறிந்தோர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். மலைத்தொடரின் இடைவெளியில் நுழையும் காற்று, பரந்த வெளியில் வீசுவதினும் விரைந்து பாய்கிறது. அதனாலன்றோ முப்பந்தல் பக்கத்தில் காற்றாலைகள் காடுபோல் நிற்கின்றன! பஹ்ரெயின் மாடங்கள் இரண்டும் அவ்வாறே ஒரு செயற்கைக் கணவாயாக அமைந்தன. அவற்றின் வளைந்த பக்கங்கள் கடற்காற்றை ஒருங்கு திரட்டி நடுவழியே செலுத்துகின்றன. அங்ஙனம் செலுத்துங்கால் காற்றின் வேகம் நூற்றுக்கு 30 வரை மிகும் என்று அமைத்தோர் கணித்தனர். காற்றினின்று பெறத்தக்க ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பின்பற்றுவது. ஆதலின், வேகம் 1.3 மடங்கானால் ஆற்றல் ஏறத்தாழ 2.2 மடங்காகும். காற்றில் சிறிது கூடினாலும் பயனிற் பெரிது கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

மற்றுமொரு நுட்பம் கூறத்தக்கது. வயல்வெளியில் நிற்கும் காற்றாலை காற்றடிக்கும் திசைக்கேற்பத் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பாலத்தில் பூட்டிய சுழலி அங்ஙனம் திரும்ப வழியில்லை. ஆகவே, சுழலி செய்யவேண்டிய வேலையைக் கட்டிடம் ஏற்றுக்கொண்டது. நேர்க்கோட்டிற்கு இருபுறமும் 45 பாகை வரை சாய்ந்து வரும் காற்றையும், மாடங்களின் வளைவு திருப்பிச் சுழலியின் முகத்திற்கு ஏறக்குறைய நேரே கொண்டுவந்து சேர்க்கிறது. மேலே செல்லச் செல்லக் காற்று மிகுவது இயல்பு; மாடங்களோ மேலே செல்லச் செல்லக் குறுகிக் காற்றைத் திரட்டும் வன்மையிற் குறைகின்றன. ஒன்று மிக, ஒன்று குறைய, மூன்று சுழலிகளும் ஏறத்தாழ ஒத்த அளவு ஆற்றலைப் பெறுமாறு அமைந்தது. களத்தில் நெல் தூற்றும் உழவன், காற்றின் போக்கறிந்து தான் நிற்குமிடத்தை மாற்றிக்கொள்வான். நிற்குமிடத்தை மாற்றவியலாத இக்கட்டிடமோ தன் உடலையே காற்றின் போக்குக்கேற்ப வனைந்துகொண்டது.

கட்டுமானத் துறையார்க்கு இதில் எழுந்த இடர்கள் சிறியனவல்ல. உயர்ந்த மாடம் எதுவும் காற்றில் அசையும். அசையாது நிற்பதாகத் தோன்றுவது நம் கண்ணின் பிழை. இரண்டு மாடங்கள் தனித்தனியே அசையுமாயின், அவற்றை இறுகப் பிணித்த பாலம் முறிந்துபோம். ஆதலின், மாடங்கள் ஒன்றுக்கொன்று அரை மீட்டர் வரை விலகி அசைந்தாலும் பாலம் ஊறுபடாதவாறு, அதன் முனைகள் நெகிழ்ந்து இயங்கும் தாங்கிகளின்மேல் வைக்கப்பட்டன. இடைவெளியோ 30 மீட்டருக்குச் சற்று மிக்கது. அதன் நடுவில் 11 டன் நிறையுள்ள சுழலியின் தலைப்பகுதி. அது சுழலும்போதும் ஓய்ந்து நிற்கும்போதும் வெவ்வேறு வகையான அதிர்வுகள். இவையனைத்தையும் தாங்கவேண்டிய பாலத்தின் உடல், காற்று வழுக்கிச் செல்லுமாறு முட்டை வடிவினதாகச் செய்யப்பட்டது. பெருங்காற்றில் சுழலியின் இறகு பின்வளைந்து பாலத்தில் மோதாதிருத்தற்பொருட்டுப் பாலமே நேராக அமையாமல், 173 பாகைக் கோணமாகச் சிறிது மடிந்து அமைந்தது. காண்போர் கண்ணுக்கு அம்மடிப்புப் புலப்படுவதும் அரிது. ஆயினும், அதுவே இறகுக்கும் பாலத்திற்கும் காவல்.

இம்மாடத்தைப்பற்றி இருவகைக் கூற்றுகள் வழங்குகின்றன. இதனை எதிர்கால நகரங்களுக்கு வழிகாட்டும் அற்புதம் என்று போற்றுவோர் ஒரு சாரார். செல்வர் விளையாடும் பெரும் பம்பரம் என்று இகழ்வோர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பது நம் கருத்து. கருத்தைக் கூறுமுன் கணக்கைப் பார்ப்போம்.

675 கிலோவாட் ஆற்றலுள்ள சுழலிகள் ஆண்டு முழுதும் இமைப்பொழுதும் ஓயாமல் முழுவேகத்தோடு சுழலுமாயின், சுமார் 59 இலட்சம் யூனிட் மின்சாரம் விளையும். ஆனால், ஓராண்டில் 11 இலட்சம் முதல் 13 இலட்சம் யூனிட் வரை கிடைக்கும் என்றே அமைத்தோர் எதிர்பார்த்தனர். முழு ஆற்றலில் ஐந்திலொரு பங்கே கைக்கு வரும் என்பதாயிற்று. காற்று நம் ஏவலாளன் அன்று, வீசும்போதுதான் வீசும். இவ்வாறு வரும் மின்சாரம் மாடங்களின் தேவையில் நூற்றுக்கு 11 முதல் 15 வரை ஈடுசெய்யும் என்பது அவர்தம் மதிப்பு. எஞ்சிய 85 பங்கும் பிற வழியிலேயே வருதல் வேண்டும். அற்புதம் என்போர் இவ்வெண்ணை மறக்கின்றனர். சுழலிகளுக்கான செலவு முழுக் கட்டிடச் செலவில் நூற்றுக்கு மூன்று அளவே. பம்பரம் என்போர் அவ்வெண்ணை மறக்கின்றனர். மூன்று பங்கு செலவிட்டு, பத்துப் பங்குக்கு மேற்பட்ட மின்சாரத்தை நெடுங்காலம் பெற எண்ணுவதை வீண்செலவென்று கூறலாகாது.

ஆயினும், இகழ்வோர் வாதத்தில் ஓர் உண்மை மறைந்துள்ளது. அதனை நாம் மறைத்தல் நேர்மையன்று. இலண்டன் மாநகரில் 2010ஆம் ஆண்டில் ஸ்ட்ராட்டா என்னும் 148 மீட்டர் உயரக் குடியிருப்பு மாடம் எழுந்தது. அதன் உச்சியிலும் மூன்று காற்றுச்சுழலிகள் பொருத்தப்பட்டன. மாடத்தின் தேவையில் நூற்றுக்கு எட்டுப் பங்கை அவை தரும் என்று முன்னர்க் கூறப்பட்டது. நடந்தது வேறு. அவை பெரும்பாலும் அசையாமல் நின்றமையால் நகரத்தாரின் நகைப்புக்கு இடமாயின. அணிகலன் பூண்டவர் எல்லாரும் அரசர் ஆகார். சுழலி பூண்ட மாடம் எல்லாம் காற்றை ஆண்டதும் ஆகாது. பஹ்ரெயினில் சுழலிக்காக மாடத்தின் உடல் முழுதும் வளைக்கப்பட்டது. கடற்காற்றும் எதிரே காத்திருந்தது. இவ்விரண்டும் இல்லாதவிடத்து, அவ்வேடத்தை மட்டும் மேற்கொள்வோர் இழிவே எய்துவர்.

ஆகவே, பஹ்ரெயின் மாடத்தினின்று நாம் கற்கவேண்டிய பாடம் அதன் சுழலிகளில் இல்லை என்று துணிந்து கூறுவோம். பாடம் வேறிடத்தில், படம்பிடிப்போர் நோக்காத மூலைகளில், அடங்கியுள்ளது. கண்ணாடிமுகங்களுக்குப் புறத்தே நிழல் தரும் அமைப்புகள் செய்யப்பட்டன. சாய்ந்த பக்கங்களில் முன்னே நீண்ட மாடிமுகப்புகள் கீழ்நிலைகளுக்குக் குடையாயின. அங்காடியின் தென்புறத்தும் மேற்புறத்தும் வாகனங்கள் நிறுத்தும் தளம் வைக்கப்பட்டு, வெயில் முதலில் அதனைச் சுட்டுப் பின்னரே உள்ளே செல்லுமாறு இடையில் ஒரு தடை உண்டாக்கப்பட்டது. கூரையிற் சில பகுதிகளில் சரளைக்கல் தடிப்பாகப் பரப்பப்பட்டது. காங்கிரீட்டினால் ஆன கனத்த நடுவுடலும் தளங்களும் பகலின் வெம்மையை மெல்ல ஏற்று மெல்ல விடுகின்றன. குளிர்ச்சிக்கு வேண்டிய நீர் பொதுநிலையம் ஒன்றினின்று வருகிறது. அந்நிலையம் தன் வெப்பத்தைக் கடல்நீரிற் கழிக்கிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, குளிர்காலத்தில் திறந்துவைத்துக் காற்றுவாங்கத்தக்க சாளரங்கள் அம்மாடத்தில் உண்டு. காலதர் மீண்டும் வந்தது!

இவற்றுள் எதுவும் அஞ்சல் அட்டையில் அச்சிடத்தக்க அழகுடையதன்று. எனினும், செலவழிக்காத ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கிய ஒரு யூனிட்டுக்கு எவ்வாற்றானும் குறைந்ததன்று. வீட்டில் ஓட்டைப் பானையை வைத்துக்கொண்டு கிணற்றை ஆழமாக்குவோன் பேதை. முதலில் பானையை அடைத்தல் வேண்டும். பின்னர்க் கிணற்றை நோக்கலாம். நிழலும் தடித்த சுவரும் திறக்கும் சாளரமும் பானையை அடைக்கும் வேலை. சுழலி கிணறு தோண்டும் வேலை. பஹ்ரெயின் மாடத்தை அமைத்தோர், உலகின் பிற பகுதிகளில் வகுக்கப்பட்ட அளவைகளின்படி தம் மாடம் மிகக் குறைந்த எரிபொருளால் நடப்பது என்று உரிமை கொண்டாடவும் இல்லை. அவர் அடக்கம் பாராட்டத்தக்கது. அவர் கூறாததை அவர்பேரால் கூறுவோரே மயக்கத்தை விளைப்போர்.

கடற்கரையில் கட்டுவோர்க்குக் காற்றைத் தவிர மற்றொரு வல்லமைமிக்க எதிரியும் உண்டு; அதுவே உப்பு. இதனைப்பற்றிப் பேசுவோர் சிலரே. காங்கிரீட்டினுள் பதிந்த இரும்புக்கம்பியைச் சுண்ணத்தன்மை வாய்ந்த அச்சூழலே துருவினின்று காக்கிறது. கடற்காற்றிலுள்ள உப்பு நுண்துளைகள் வழியே நாளடைவில் ஊடுருவிக் கம்பியை அடையுமானால், அக்காவல் அழிந்துபோம். துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தைக் கொள்வது. ஆதலின், உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். வெப்பமும் உப்பும் ஒருங்கே மிக்க குடாக்கரை இவ்விஷயத்தில் மிகக் கொடியது. நம் கரையும் இளைத்ததன்று. இதனாலேயே, 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட ஐ.எஸ். 456 என்னும் இந்தியக் கட்டுமான நியமம், சாதாரணச் சூழலில் கம்பியின்மேல் 20 மில்லிமீட்டர் காங்கிரீட் போதும் என்றும், கடற்கரைச் சூழலுக்கு நேரே இலக்காகும் உறுப்பில் 45 மில்லிமீட்டர் வேண்டும் என்றும், கடற்றிவலை படுமிடத்தில் 50 மில்லிமீட்டர் வேண்டும் என்றும் விதித்துள்ளது. இரண்டு விரற்கடை அளவுள்ள அக்காங்கிரீட்டை யாரும் படம் பிடிப்பதில்லை. திறப்புவிழாவில் யாரும் புகழ்வதுமில்லை. ஆனால், முப்பது ஆண்டுகள் கழித்து மாடம் நிற்குமா, உதிருமா என்பதை முடிவுசெய்வது அதுவே. கம்பியைச் சிறிது புறந்தள்ளிக் கட்டி மேலே பூசி மறைத்துவிடுவது எளிது. மறைத்ததை மனிதர் காணார், உப்புக் காணும்.

இவற்றையெல்லாம் ஒரு கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று நேயர் வினவலாம். கூறுவோம். நம் கரையிலும் கண்ணாடி மாடங்கள் எழுந்துவருகின்றன. அவற்றை வரைவோரும், கணக்கிடுவோரும், மேற்பார்ப்போரும், அவற்றினுள் அமர்ந்து வேலை செய்வோரும் இன்றைய மாணவரேயாவர். குளிர்நாடுகள் வெயிலை வேண்டிக் கண்ணாடிச்சுவர் வைத்தன. வெயிலை வேண்டாத நாம் அதனை நாகரிகத்தின் முத்திரையென்று ஏற்றுக்கொண்டோம். ஏற்றபின், உட்புகுந்த வெம்மையை வெளியேற்ற யந்திரங்கள் வைத்தோம். அவ்யந்திரங்கள் தெருவில் உமிழும் அனலை, நடைபாதையில் கடை விரித்திருப்போர் தாங்குகின்றனர். உள்ளே குளிர் மிகுந்து போர்வை தேடுவோர். வெளியே வெம்மை மிகுந்து நிழல் தேடுவோர். ஒரு சுவரின் இருபுறத்தும் நேர்ந்த இவ்வேற்றுமையை அழகென்று சொல்ல நம் நா எழவில்லை. கட்டிடக்கலை சிற்பியின் புகழுக்கு மட்டும் உரிய கலையன்று; தெருவில் நடப்போனுக்கும் அதனிடத்து ஒரு பங்குண்டு.

மறுப்பொன்று எழலாம். தாழ்வாரமும் முற்றமும் இரண்டு நிலை வீட்டுக்கு ஏற்றவை, ஐம்பது நிலை மாடத்தில் அவற்றை எங்ஙனம் வைப்பது என்பர். உயரத்தில் காற்றுக் கடிது வீசும், தாள்கள் பறக்கும், மழை உட்புகும் என்பதும் உண்மையே. சென்னைக் கரைக்குக் கட்டுமானத்தார் கொள்ளவேண்டிய அடிப்படைக் காற்றுவேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் என்று நியமம் கூறுகிறது. புயற்காலத்தில் திறந்த மாடியைப்பற்றி யாரும் கனவு காணமாட்டார். ஆனால், பழைய உருவத்தை அப்படியே மேலேற்ற வேண்டுமென்று நாம் கூறவில்லை. தாழ்வாரத்தின் கருத்து நிழல். முற்றத்தின் கருத்துக் காற்றோட்டம். கருத்தைக் கொண்டு உருவத்தைப் புதிதாய்ச் செய்துகொள்க என்பதே நம் வேண்டுகோள். பஹ்ரெயினில் காற்றுக்கோபுரத்தை 50 நிலைக்கு உயர்த்திக் கட்டினாரிலர். காற்றின் போக்கை உசாவிக் கட்டும் அதன் கருத்தையே எடுத்தாண்டனர். மரபைப் போற்றும் முறை அதுவே.

மாணவர்காள்! நாளை உம்முள் ஒருவன் கடற்கரையில் ஒரு மாடத்தை வரைய அழைக்கப்படுவான். அப்பொழுது வெளிநாட்டுப் புத்தகத்தின் படத்தைப் பார்க்குமுன், அவ்விடத்திற்குச் சென்று ஒரு பகலும் ஓர் இரவும் நின்று பார்ப்பானாக. வெயில் எப்பக்கம் சுடுகிறது, காற்று எந்நேரத்தில் திரும்புகிறது, உப்பு எவ்வளவு தொலைவு வந்து படிகிறது, பக்கத்துத் தெருவில் யார் நடக்கின்றனர் என்பவற்றை முதலில் அறிவானாக. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பழமொழி. தூற்றுவோன் முதலிற் செய்வது காற்று எங்கிருந்து வருகிறதென்று பார்ப்பதே. அதனைப் பாராமல் முறத்தை உயர்த்துவோன் கண்ணில் பதர்தான் விழும்.